கடைசி வரிக்கு ஷாட் இல்லை

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு இன்னும் பாட்டுக்காரி என்றுதான் பெயர். குரல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் யாரும் அதை மாற்றவில்லை. மாற்றிக் கூப்பிட வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். "பாட்டுக்காரி, ஆபரேஷன் தியேட்டர் துணி வந்தாச்சு" என்று யாராவது கத்தினால், காதில் விழுந்ததற்கு அடையாளமாகத் தள்ளுவண்டியின் கம்பியில் விரல் முட்டியால் தட்டுவாள். மெஷின்கள் ஓடும் இரைச்சலில் அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. பாதி காற்று, பாதி சுரண்டல். அதுதான் இப்போது அவளுடைய பேச்சு.

கழுத்தில் இருந்த கட்டியை எடுப்பதற்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். குரல் நரம்பு கட்டிக்குப் பின்னாலேயே ஓடுகிறது, சிலருக்குப் பிறகு குரல் மாறிவிடும் என்றார். கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். மாலையில் பள்ளி விடுவதற்காக வேனில் காத்திருக்கும் நேரத்தில் பாட்டு எழுதுவான். அவன் எழுதியதற்கு அவள் துணி மடித்தபடியே ராகம் போட்டுவிடுவாள். அப்படி வந்ததுதான் 'விளக்கைத் தணிக்காதவரே'. அந்த வாரம் அவன், பாட்டை ஒரு தடவை பதிந்து வைத்துவிடலாம், ஆராதனையில் பாடச் சபைக்கு உதவும் என்றான். ஏன் இப்போது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்திய ஒரு நண்பனின் அறையில் நின்று பாடிவிட்டு வந்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் பாருங்கள் என்றார்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்றார்கள். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. சபையில் இருந்து ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து வந்து, அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அவளுக்கு மொத்தமாகவே அப்படி இருந்தது. கணவன் எப்போதாவது போனில் அந்தப் பாட்டைப் போட்டால், பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பாள்.

பாட்டை வீடியோவாக எடுத்துப் போடவேண்டும் என்பது கணவனின் ஆசை. கையில் காசு இல்லை என்பதால் ஆசை ஆசையாகவே இருந்தது. கொழுந்தன்தான் வழி சொன்னான். அவன் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் உதவியாளாக இருந்தான். விசேஷம் இல்லாத நாளில் கேமராவை எடுத்துக்கொள்ள முதலாளி சம்மதித்துவிட்டார். வெளிச்சத்துக்கு ஜன்னல் இருக்கிறது, வெயில் கடுமையாக இருந்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டிக்கொள்ளலாம். முகத்தின் நிழலை எடுக்க டிவி வந்த பெட்டியின் தெர்மோகோல் போதும். கேமராவை ஓடவிட்டு எடுக்க மட்டும் ஏதாவது சக்கரம் வைத்தது வேண்டும் என்றான். சலவைக்கூடத் தள்ளுவண்டியைத் தள்ளுவதுபோல அவள் கையால் செய்து காட்டினாள்.

யார் பாடுவதுபோல எடுப்பது என்று வந்தபோது கொழுந்தன் தயங்கினான். போதகரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள், பாடகர் குழுவில் நிற்கிறாள், கேமராவுக்கு நன்றாக இருப்பாள் என்று சுற்றிச் சுற்றிச் சொன்னான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மூஞ்சில கொஞ்சம் உயிர் இருக்கணும், அதுக்காகத்தான்."

கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையாட்டினாள். யார் வாயசைத்தால் என்ன என்றுதான் அவளுக்கு இருந்தது.

வண்டியை வெளியே கொண்டுவந்தது வெடி. சலவைக்கூடத்தில் அவளோடு ஜோடியாக விரிப்பு மடிப்பவள். வாயைத் திறந்தால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். குரல் போனபிறகு எல்லோரும் பாட்டுக்காரியிடம் நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேச ஆரம்பித்தபோது, வெடி மட்டும் பழையபடியே கத்தினாள். சூப்பர்வைசரிடம் சக்கரம் கிறீச்சிடுகிறது, பழுது பார்க்கக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டு இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சபைக்கூடம் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடி. படியில் வண்டியைத் தூக்குவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. கூடத்தில் தள்ளிப் பார்த்தால் உண்மையாகவே சக்கரம் கத்தியது.

"பொய் சொல்லலடி நாம," என்றாள் வெடி. "பாட்டுக்காரி, இது உன் தொண்டையவிட மோசமா இருக்கு."

கணவனின் முகம் சுருங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அதுவும் காற்றாகத்தான் வந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்கள்.

போதகர் மகள் நன்றாக உடுத்தி, நேரத்துக்கு வந்து, பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத பெண். ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. வண்டியில் கேமராவோடு கொழுந்தன் உட்கார்ந்திருக்க, வெடி தள்ளினாள். முதல் சரணம் முடிந்ததும் அவன் எடுத்ததைப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். வாய் சரியாக அசைகிறது, ஆனால் கழுத்து சும்மா இருக்கிறது. சத்தமில்லாமல் வாயசைத்தால் அப்படித்தான் இருக்கும், பார்க்கிறவருக்கு என்னவென்று தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடும் என்றான். நிஜமாகவே வாய்விட்டுப் பாடவேண்டும். எப்படியும் கேமராவில் பதியும் சத்தத்தைப் பிறகு எடுத்துவிடப் போகிறோம், கூச்சப்படாதே என்றான்.

போதகர் மகள் வாய்விட்டுப் பாடினாள். அங்கேதான் சிக்கல். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல். பாட ஆரம்பித்ததும் ஸ்பீக்கரில் ஓடுவதை மறந்து தன் போக்கில் போய்விட்டாள். பாட்டுக்காரி இழுத்த இடத்தில் இவள் முடித்தாள், நிறுத்திய இடத்தில் இவள் நெளித்தாள். மறுபடி மறுபடி எடுத்தும் சேரவில்லை. ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த போதகர் அருகில் வந்தார். அவர் நல்ல மனிதர். ஆபரேஷன் அன்றைக்கு வெளியில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவர்.

"பாப்பாவே பாடுறாளே, தம்பி. அவ குரல்லயே புதுசா பதிஞ்சிட்டா இந்தத் தொந்தரவே இல்லையே. சகோதரி பாடினது அவங்க கிட்ட பத்திரமா இருக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கணவன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, போதகர் முகத்தைப் பார்த்து, போனைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தான். அந்தப் போனின் மூலையில் ஏற்கெனவே விரிசல். மெத்தை அறை நண்பன் கம்ப்யூட்டரை எப்போதோ விற்றுவிட்டான். பத்திரமாக இருக்கட்டும் என்றால் அதில்தான் இருக்கவேண்டும். சபையில் இந்தப் பாட்டு இன்னொரு குரலில் பழகிவிடும். போன் போனால் இதுவும் போகும்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். எழுந்து நடந்தாள், அந்தப் பெண் நின்ற இடத்தில் போய் நின்றாள். அந்தப் பெண் சொல்லாமலே விலகி, தன் தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றி அவள் முன்முடியை ஒதுக்கிக் குத்திவிட்டாள்.

முதல் தடவை சத்தமில்லாமல்தான் வாயசைத்தாள். கொழுந்தன் எடுத்ததை இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். அவனுடைய வேலை அவனை விடவில்லை.

"அண்ணி, கழுத்து அசையல. அந்தத் துணியையும் எடுத்துடுங்க. கழுத்து தெரியணும்."

கழுத்தைச் சுற்றியிருந்த ஸ்கார்ஃபை எடுத்தாள். தழும்பு ஒரு கோடாகக் கிடந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொல்லட்டுமா என்று கணவன் கேட்டான். இருக்கட்டும் என்று கையசைத்தாள். பாட்டு ஓடியது, அவள் பாடினாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாடி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. ஸ்பீக்கரில் பழைய குரல் மேலே போக, கீழே இது, தரையில் தகரத்தை இழுப்பதுபோல வந்தது. ராகம் எங்கே ஏறவேண்டும் என்று தெரிந்த சத்தம், ஆனால் ஏற ஒன்றும் இல்லாத சத்தம். கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போதகர் மகள் தெர்மோகோலைப் பிடித்தபடி கீழே பார்த்தாள். வெடி வண்டியை ஒரே சீராகத் தள்ளினாள். கழுத்து அசைந்தது. நரம்பு புடைத்தது. கொழுந்தன், சரியா இருக்கு, சரியா இருக்கு என்று முனகிக்கொண்டே எடுத்தான். வெயில் ஜன்னலைவிட்டுப் போகும்வரை எடுத்தார்கள். மிச்ச நேரத்தில் விளக்கு, நாற்காலி, ஜன்னல் விரிப்பு, அவள் கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டான். எப்போதாவது எதற்காவது உதவும் என்றான்.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொண்டுவிட்டபோது சூப்பர்வைசர் தள்ளிப் பார்த்து, சத்தமே இல்லையே, மற்ற வண்டிகளையும் கொண்டுபோங்கள் என்றார். வெடி அன்று முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எடிட்டிங் வீட்டில்தான் நடந்தது. சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டர், பக்கத்தில் அவள் கணவனின் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். படத்தையும் பாட்டையும் ஒட்டவைக்க, கேமராவில் பதிந்த சத்தத்தை வைத்துத்தான் இடம் பார்க்கவேண்டும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் இரண்டு குரலும் சேர்ந்து வரும். இடம் ஒட்டியதும் கொழுந்தன் கீழ்க்குரலை அணைப்பான். மேல்குரல் மட்டும் நிற்கும். அவன் ஒவ்வொரு தடவையும் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சரணத்தில் அவன் கை நின்றது. அவளுக்கு இப்போது மூச்சு தங்குவதில்லை. குரல்நாண் சரியாக மூடாத தொண்டையில் காற்று பாதி வழியிலேயே ஒழுகிவிடும். பழைய குரல் ஒரே மூச்சில் பாடிய வரியை இவள் பாதியில் வாயை மூடி, மூச்செடுத்து, மறுபடி பிடித்திருந்தாள். படத்தில் பார்த்தால் வாய் மூடியிருக்கிறது, பாட்டு போய்க்கொண்டிருக்கிறது. ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில். எடுக்கும்போது கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவன் இதைக் கவனிக்கவில்லை.

திட்டிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கினான். அவள் மூச்சு விட்டுப்போன இடத்திலெல்லாம் வேறு ஷாட்டை வைத்தான். ஒன்றில் விளக்கு, ஒன்றில் காற்றில் உப்பும் விரிப்பு, ஒன்றில் அவள் கை. கடைசி வரிக்கு வந்தபோது கையிருப்பு தீர்ந்துவிட்டது. அந்த வரிதான் எல்லாவற்றிலும் நீளம். 'அணையும்வரை அல்ல, விடியும்வரை' என்று இழுத்துப் போகும். படத்தில் அவள் பாதியில் வாயை மூடிவிட்டு, மறுபடி மூச்செடுக்கவும் இல்லை. சும்மா நின்றிருந்தாள்.

வேண்டுமானால் அந்த இடத்துக்குப் போதகர் மகளை வைத்துவிடலாம், தூரத்தில் இருந்து எடுத்தது ஒன்று இருக்கிறது, உதடு தெரியாது என்றான். கணவன் வாசலில் செருப்பைக் கழற்றியபடி இதைக் கேட்டான். அவளைப் பார்த்தான்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்படியே விடு."

"அண்ணி, வாய் மூடியிருக்கு. தப்புன்னு தெரியும்."

"தெரியட்டும்."

அவன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பிறகு கீழ்க்குரலை அணைத்தான். கடைசி வரியில் அணைக்க அங்கே அதிகம் ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். திரைக்கு விரிப்பு, சலவைக்கூடத்தில் கழித்துக்கட்டியது, நடுவில் ஒரு தையல். அவள் வெடியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெடி ஆராதனைக்கு வருகிறவள் இல்லை. நான் தள்ளினது எப்படி வந்திருக்குன்னு பாக்கணும் என்று வந்திருந்தாள். விரிப்பு உப்பும் இடம் வந்தபோது முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் பரிசுத்த ஆவியானவரின் அசைவு என்று விளக்கிக்கொண்டிருந்தார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்குப் பாட்டு எப்போதும்போலப் பக்கத்து வீட்டு ரேடியோவாகத்தான் இருந்தது. கடைசி வரி வந்தது. திரையில் அவள் வாயை மூடினாள். குரல் நிற்காமல் போயிற்று. அந்த முகம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. அப்போது அவளுக்கு மெத்தை அறை நினைவுக்கு வந்தது. இந்த வரிக்கு முன்னால் அன்றைக்கு வயிறு முட்ட மூச்செடுத்தாள். தேவைக்கு மேல். இனி எதற்கு மிச்சம் வைப்பது என்று நினைத்து எடுத்த மூச்சு அது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. குரல் அந்த மூச்சில்தான் போய்க்கொண்டிருந்தது. அது யாருடையது என்று இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகம் இல்லை. அழுகை வரவில்லை. கண்ணை எடுக்காமல் முடியும்வரை பார்த்தாள்.

கை தட்டினார்கள். போதகர் கணவனின் கையைப் பிடித்துக் குலுக்கி, பிறகு கொழுந்தனிடம் கடைசியில் மட்டும் சற்றே முன்பின் ஆகிவிட்டதோ என்று மெதுவாகக் கேட்டார். அவன் ஆமாம் என்றான். குரல் திரும்பிவிட்டதா அக்கா, அடுத்த வாரம் பாடுவீர்களா என்று வந்து கேட்டவர்களுக்கு அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் திரையை இறக்கினார்கள். இரண்டு முனையை அவள் பிடிக்க, மற்ற இரண்டை வெடி பிடித்தாள். உதறி, இழுத்து, நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.

"கடைசில வாயை மூடிட்டியேடி," என்றாள் வெடி.

"மூச்சு தீந்துபோச்சு."

"பாட்டு போய்க்கிட்டே இருந்துச்சே."

"நான்தானே பாடினேன்."

வெடி அவள் முகத்தைப் பார்த்தாள். கூடத்தில் மெஷின் இரைச்சல் இல்லாததால் அவள் சொன்னது நன்றாகவே கேட்டிருந்தது. "சரி சரி, தையல் உள்பக்கமா போகணும், திருப்பு," என்றாள். அவள் திருப்பினாள்.