உள்ளங்காலில் கேட்ட பேஸ்

பேஸ் கிடாருக்கு நாலு கம்பிதான், மற்ற கிடார் மாதிரி ஆறு கிடையாது. போலீஸில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இதைப் பல தடவை சொல்லியாயிற்று. இருந்தும் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் பார்த்தாலும், மிச்சம் ரெண்டு கம்பியையும் விற்றுத் தின்றுவிட்டாயா என்றுதான் கேட்பான். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். பேஸ் வாசிப்பவன் இதற்கெல்லாம் கோபப்பட்டால் ஊரில் யாரோடும் பேச முடியாது.

பகலில் தென்காசியில் ஒரு பெயின்ட் கடையில் நிற்கிறேன். கச்சேரி இருக்கிற நாளில் முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்புவேன். வீரகேரளம்புதூர் பக்கம் கோயில் கொடைத் திருவிழா, இலத்தூரில் கல்யாண வரவேற்பு, சாரல் விழுகிற மாதங்களில் குற்றாலத்து விடுதிகளில் மேடை. எங்கள் இசைக்குழுவை நடத்துபவர்தான் முக்கியப் பாடகரும். எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. மீசைக்கு மை போடாமல் மேடை ஏற மாட்டார். நான் அவரிடம் வந்து சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது என் மகள் காலேஜுக்குப் போகிறாள்.

என் கிடார் மதுரையில் பழசாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் என்ன நினைத்தாரோ, அதன் முதுகில் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். பெயின்ட் கடையில் நின்றும் நான் அதை மாற்றவில்லை. மேடையில் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள். பழைய கம்பியைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்க வைப்பது பேஸ் வாசிக்கிறவர்கள் பலரும் செய்கிற காரியம். கம்பிச் சுருளுக்குள் ஏறிய வேர்வையும் அழுக்கும் இறங்கிவிடும். துடைத்துக் காய வைத்து மாட்டினால் சில நாட்களுக்குப் புதுசு மாதிரி கணீரென்று இருக்கும். இதற்கென்றே என் மனைவி ஒரு பழைய ரசச் சட்டியை ஒதுக்கித் தந்து, யாரும் தெரியாமல் சமையலுக்கு எடுத்துவிடக் கூடாதென்று அதில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள். கொதிக்கக் கொதிக்கக் கம்பி சோர்ந்துவிடும். குற்றாலத்து ஈரக் காற்றில் துரு வேறு. தெரிந்தும் கொதிக்க வைப்போம்.

முன்பு எனக்கென்று ஸ்பீக்கரோடு சேர்ந்த ஒரு ஆம்ப் பெட்டி இருந்தது. பின்னால் வைத்துக்கொண்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்கும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வேனில் அது அடைக்கிற இடத்தில் இரண்டு பேர் உட்காரலாம் என்று அண்ணாச்சி போகும்போதும் வரும்போதும் சொல்லிக்காட்டியதில், ஒரு நாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் கிடாரின் கேபிள் நேராக சவுண்ட்காரரின் மிக்சருக்குப் போகிறது. அவர் திறந்தால்தான் ஸ்பீக்கரில் நான் உண்டு. மேடையில் எங்களைப் பார்த்து வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கரில் பாடுகிறவர்களின் குரல்தான் வரும்.

அதனால் காலால் கேட்கப் பழகினேன். பலகை அடித்த மேடையில் வெறுங்காலோடு நின்றால், பெரிய ஸ்பீக்கரிலிருந்து வரும் பேஸ் பலகை வழியாக உள்ளங்காலில் ஏறும். செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவேன். அதைப் பக்தி என்று நினைத்து, ஒரு கொடையில் ஊர்ப் பெரியவர் எனக்கு மட்டும் துண்டு போர்த்தினார். ஈரப் பலகையில் நின்று மைக்கைத் தொட்டு ஷாக் வாங்கியதும் உண்டு. செருப்பைப் போட்டுத் தொலையேன் என்று குழுவில் எல்லோரும் திட்டுவார்கள். போட்டால் எனக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும்.

கீபோர்டு வாசிக்கும் தம்பி செங்கோட்டைக்காரன். கெட்டிக்காரன், ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டான். அவன் ஒரு லேப்டாப் கொண்டுவர ஆரம்பித்தான். வயலின், புல்லாங்குழல் எல்லாம் அதற்குள் இருந்தன. புல்லாங்குழல்காரர் அதற்குப் பிறகு வரவில்லை, செல்போன் கடை வைத்துவிட்டார். வயலின்காரர் டியூஷன் எடுக்கிறார். பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். தாளத்துக்கு பேட் அடிப்பவர் லேப்டாப் தரும் தாளக் கணக்கை இயர்போனில் கேட்டுக்கொண்டு அடிக்கப் பழகிவிட்டார். பேஸ் மட்டும் ஆள் வாசித்தால்தான் உயிரோடு இருக்கும் என்று அண்ணாச்சி சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நான் தங்கினேன்.

இதற்கிடையில் என் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. கழுத்தில் நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். கழுத்துப் பட்டை போட்டேன், மாத்திரை சாப்பிட்டேன். வலி குறைந்தது, மரப்பு குறையவில்லை. கம்பியை அழுத்துகிறேனா இல்லையா என்று விரல் சொல்லாது, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் காலில் பேஸ் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. சொல்லப்போனால் முன்னைவிடச் சுத்தமாக வந்தது. ராயகிரியில் ஒருவர் மேடைக்கே ஏறி வந்து, பேஸ் அருமை என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இடக்கையைப் பிடித்தது எனக்குப் பாதிதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். விரல் போனாலும் வாசிப்பு போகவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

இந்த வருஷம் சாரல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இலத்தூரில் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் நடுவில் என் தடிக் கம்பி அறுந்தது. பேஸ் கம்பி அறுவது அபூர்வம். எல்லாம் ரசச் சட்டியின் வேலை. கம்பி கையில் சுளீரென்று அடித்துச் சுருண்டு தொங்கியது. நான் வாசிப்பை நிறுத்தினேன்.

காலுக்கடியில் பேஸ் நிற்கவில்லை.

முதலில் எதிரொலி என்று நினைத்தேன். அடுத்த அடிக்கும் வந்தது, அதற்கடுத்த அடிக்கும் வந்தது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் நான் வழக்கமாகப் போடும் ஒரு சின்ன இறக்கம் உண்டு. என் கை சும்மா இருக்க, அதுவும் வந்தது. கீபோர்டுத் தம்பியைப் பார்த்தேன். அறுந்த கம்பி அவன் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது, அவன் என் பக்கமே திரும்பவில்லை. சவுண்ட்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து மிக்சரைத் துடைத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பேஸும் லேப்டாப்புக்குள் போயிருந்தது. மிச்சமிருந்த கம்பிகளில் விரலை வைத்துப் பாட்டு முடியும்வரை அசைத்துக்கொண்டு நின்றேன்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன். வேனில் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அன்று சாயங்காலமும் கச்சேரி, அதனால் மீசைக்கு மை போட்டுக் காய வைத்துக்கொண்டிருந்தார். மேலுதட்டை அசைக்க முடியாமல், என்னைப் பார்த்ததும் கையால் உட்காரச் சொன்னார். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

"உன் விரல் பிந்துதுலே. உனக்குத் தெரியல. எனக்கு அதுகூடச் சேந்து பாட முடியல. உன்னயப் போன்னு சொல்லவும் வாய் வரல. அதான் மிக்சர்ல உன் லைன மூடச் சொன்னேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன சீசனிலிருந்து என்றார். அப்படியென்றால் ராயகிரியும் அதில் அடக்கம். லேப்டாப்பில் இருக்கிற பேஸ் என் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு அந்தத் தம்பி செய்ததாம். என் வாசிப்பு மாதிரியே இருக்க வேண்டும் என்று ராத்திரி பகலாக மெனக்கெட்டானாம். அண்ணாச்சி இதை ஆறுதலாகத்தான் சொன்னார். கச்சேரி நடுவில் அவர் ஒவ்வொருவரையும் சபைக்கு அறிமுகம் செய்வார், அறிமுகமானவர் தனியாக ஒரு துண்டு வாசித்துக் காட்டுவது வழக்கம். நானும் எல்லாக் கச்சேரியிலும் வாசித்திருக்கிறேனே, அது எப்படி என்று கேட்டேன். அப்போது மட்டும் திறந்துவிடுவோம் என்றார்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் இன்னும் பேஸ் வாசிக்கிறவனா, இல்லை பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கிறவனா. அதை அவர் வாயால் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

"ஒரு பாட்டு திறந்துவிடச் சொல்லுங்க அண்ணாச்சி. ஜனத்துக்கு முன்னால. நானே கேட்டுக்கிடுதேன்."

அவர் மை காய்கிறதா என்று கண்ணாடியைப் பார்த்தார். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக் கச்சேரியில் வைத்துக்கொள்வோம், மெதுவான பாட்டாக எடுத்துக்கொள் என்றார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. புதுக் கம்பி வாங்கி மாட்டினேன், கொதிக்க வைக்காத கம்பி. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் பெயின்ட் டப்பா மேல் விரல்களைத் தட்டிப் பழகினேன். என்ன கலர் வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டு, அவர் சொன்னதைக் கவனிக்காமல் மறுபடி கேட்டேன்.

குற்றாலத்தில் அந்த விடுதியின் புல்தரையில் மேடை போட்டு, மேலே தகரக் கூரை கட்டியிருந்தார்கள். சாயங்காலச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் போகாத தலையோடு ஜனங்கள் நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினேன். பலகை சில்லென்று இருந்தது. என் பாட்டு வந்ததும் சவுண்ட்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டி, லேப்டாப்பின் பேஸை மூடி என் லைனைத் திறந்தார்.

பேடின் அடி காலில் விழுந்தது. அதற்குப் பின்னால் என் அடி விழுந்தது. ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் இரண்டு. முன்னால் ஒருவர் படியேற, பின்னால் இன்னொருவர் நொண்டிக்கொண்டு ஏறுகிற மாதிரி. விரலை முன்கூட்டியே வைத்துப் பார்த்தேன், அப்போது முந்தியது. முன்வரிசையில் தாளம் போட்டுக் கைதட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் குழம்பிப்போய், ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டது. அண்ணாச்சி ஒன்றும் நடக்காத மாதிரியே பாடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. என் லைனை மூடச் சொல்லும்வரை அவர் இப்படித்தான் பாடியிருக்கிறார். இரண்டாவது சரணம் தொடங்குவதற்குள் சவுண்ட்காரரைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினேன். அவர் புரியாத மாதிரி இருந்தார். மறுபடியும் காட்டினேன். மூடினார். காலுக்கடியில் இரண்டு அடியும் ஒன்றாகியது. முன்வரிசைக் குடும்பம் திரும்பவும் தட்ட ஆரம்பித்தது. நான் வாசிக்கிற மாதிரி நின்றேன்.

பாட்டு முடிந்ததும் அறிமுகம். கீபோர்டு, பேட், அடுத்து நான். அண்ணாச்சி என் பக்கம் கையை நீட்டினார். சவுண்ட்காரர் லைனைத் திறந்தார். நான் வழக்கமாக வாசிக்கும் துண்டை வாசித்தேன். நன்றாக இருந்தது, காலில் சுத்தமாக விழுந்தது. தனியாக வாசிக்கிறவன் யாருக்குப் பின்னால் பிந்த முடியும். எல்லோரும் கைதட்டினார்கள். லைன் மூடியது.

அடுத்த பாட்டுக்கு முன்னால் படியிறங்கிப் போனேன். செருப்பு சாரலில் நனைந்து கிடந்தது. போட்டுக்கொண்டு மேலே வந்து என் இடத்தில் நின்றேன். அண்ணாச்சி என் காலைப் பார்த்தார். பிறகு சபையின் பக்கம் திரும்பி அடுத்த பாட்டை அறிவித்தார்.