சித்திக்கு அம்மா போட்ட பந்து

அப்பா தன் வாழ்நாளில் எல்லே விளையாடியதே இல்லை. ஆனால் எல்லே விளையாடுகிற ஒவ்வொருவரைப் பற்றியும் அவரிடம் ஒரு அபிப்பிராயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அது பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து விளையாட்டு. அப்பா படித்த இடத்தில் அதற்குத் தடியும் இல்லை, பந்தும் இல்லை. டென்மார்க்கின் ஒடென்சே நகரத்தில் அம்மாவும் சகோதரிகளும் பெண்களுக்கென்று ஒரு அணி தொடங்கிய பிறகுதான், தனக்குள்ளே இப்படியொரு நிபுணர் இத்தனை காலம் சும்மா இருந்திருக்கிறார் என்று அவருக்கே தெரிய வந்தது.

எல்லே தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டென்னிஸ் பந்தைத் தடியால் அடித்துவிட்டு, நான்கு கொடிகளையும் சுற்றி ஓடிவர வேண்டும். எதிரணி எறிந்த பந்து ஓடுகிறவரின் உடம்பில் பட்டால் ஆள் அவுட். அடிக்க மூன்று பந்துதான். மூன்றும் தவறினாலும் அவுட். எங்கள் போட்டிகளில் போட்ட பந்து போட்டதுதான்; சரியாக வரவில்லை என்று திருப்பிக் கேட்க முடியாது. இதில் பெரிய விசேஷம், பந்து போடுகிறவர் எதிரணி ஆள் இல்லை, அடிக்கிறவரின் சொந்த அணி ஆள். தன் ஆளுக்கு எந்த உயரம் வசதி, எந்தப் பக்கம் வசதி என்று பார்த்துப் போட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் அணியில் அந்த வேலை அம்மாவுடையது.

அணிக்குப் பொறுப்பு பெரியம்மா, அம்மாவின் அக்கா. யார் அடிப்பது, யார் அடிக்காமல் கதிரையில் உட்கார்ந்திருப்பது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். அம்மாவின் தங்கை, என் சித்தி, அணியிலேயே பலமாக அடிப்பவர். சித்தி அடித்த பந்தைத் தேடி ஒருமுறை பக்கத்துப் பாலர் பாடசாலையின் மணல் தொட்டிவரைக்கும் போயிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அப்பாவின் விமர்சனம் தொடங்கும். இன்னார் ஓடத் தொடங்குவதற்குள் பந்து வந்து சேர்ந்துவிடுகிறது. இன்னார் பந்தைப் பிடிக்கும்போது கண்ணை மூடுகிறார். பெரியம்மா முகத்துக்கு முகம் பார்த்து ஆள் போடுகிறார், ஒருவருக்கும் மனம் நோகக்கூடாது என்று ஆட்டத்தைத் தோற்கிறார். இதையெல்லாம் அவர் பெரியம்மாவின் முன்னால் சொன்னதில்லை. அதற்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையே போதும். அந்த விமர்சனத்தில் தப்பிய ஒரே ஆள் அம்மா. "உன்ர அம்மாவின்ர கையில பிழை வராது" என்று எனக்குச் சொல்லுவார். அம்மா காதில் விழாததுபோல இன்னும் கொஞ்சம் கறி ஊற்றுவார்.

அப்பாவுக்கு ஈடுகொடுக்க அவருடைய தொழிற்சாலையில் ஒரு டேனிஷ்காரர் இருந்தார். இளவயதில் ஒரு வருடம் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். அங்கிருந்து படிப்பைக் கொண்டுவந்தாரோ தெரியாது, பேஸ்போல் பைத்தியத்தைக் கொண்டுவந்தார். டென்மார்க்கில் அதைப்பற்றிக் கதைக்க அவருக்கு ஆளில்லை. இடைவேளையில் அவர் புலம்புவதை அப்பாதான் காதுகொடுத்துக் கேட்டார். நன்றாக எறிந்துகொண்டிருந்தவரை முகாமையாளர் ஏன் பாதியில் மாற்றினார், வயது போனவரை எதற்காக இன்னும் நாலாவதாக அடிக்க விடுகிறார், அந்த மனிதனுக்கு மூளை என்று ஒன்று உண்டா. அப்பா பதிலுக்குப் பெரியம்மாவின் முடிவுகளை எடுத்துவைப்பார். இருவருக்கும் நல்ல ஒற்றுமை. உலகத்தில் எந்த அணியாக இருந்தாலும் அதன் பொறுப்பாளர் ஒரு மடையர் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்த கோடையில், தமிழ்ச் சங்கங்களின் விளையாட்டுப் போட்டி எங்கள் நகரத்தில் நடந்தது. இறுதி ஆட்டம் எங்களுக்கும் எஸ்பியர்க் நகரத்து அணிக்கும். அப்பா அந்த டேனிஷ்காரரைக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தி, கையில் மட்டன் ரோல்ஸைக் கொடுத்தார். அவருக்கு எது என்னவென்று சொல்லும் வேலை எனக்கு.

சித்தி அன்று காலையிலிருந்தே விளையாடவில்லை. கால் பிடித்துவிட்டது என்று சொல்லிக் கதிரையில் இருந்தார். எனக்கு அன்று தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையில் அர்த்தமில்லை. சித்தியின் காலுக்கு ஒன்றுமில்லை. அவர் வயிற்றில் இரண்டு மாதக் குழந்தை இருந்தது.

அதற்கு முன்னர் ஒன்று தங்காமல் போயிருந்தது. அந்தமுறை சித்தி சந்தோசத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். போன பிறகு அதே எல்லோரும் வீடு தேடிவந்து துக்கம் விசாரித்தார்கள், எதைச் சாப்பிட்டாய், எதைத் தூக்கினாய் என்று கேட்டார்கள். மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொல்லக்கூடாது என்று அதற்குத்தான் சொல்கிறது என்றும் சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகவே இந்தமுறை சித்தப்பாவைத் தவிர அம்மாவுக்கு மட்டும் சொன்னார். பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. பெரியம்மா பாவம், நல்லவர், ஆனால் நல்ல செய்தி அவர் வாயில் ஒரு நாள் தங்காது.

எஸ்பியர்க் முன்னால் இருந்தது. எங்களுக்கு அடிக்க ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். ஒரு சுற்று ஓடினால் சமன். கதிரையில் இருந்த சித்தியைப் பார்த்துக்கொண்டு அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "கால் ஏலாதாம். ரோல்ஸ் எடுக்க இப்பதானே வடிவா நடந்து போனவ" என்று எனக்குச் சொன்னார். பிறகு வாழ்க்கையில் முதல்தடவையாகச் சாப்பாட்டு மேசை அபிப்பிராயத்தை மைதானத்துக்குக் கொண்டுபோனார். நேரே பெரியம்மாவிடம் போய் நின்றார்.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. அவவை இறக்காட்டி இந்தக் கப்பை மறந்திடுங்கோ."

பெரியம்மா ஒரு கணம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சித்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பந்தோடு நின்ற அம்மா ஓடிவந்தார்.

"அக்கா, அவளுக்குக் கால் ஏலாது. விடுங்கோ."

"ஒரு அடி அடிச்சாக் காணும். நொண்டியெண்டாலும் ஓடட்டும்."

சுற்றிவர எங்கட ஆக்கள். கலியாணம் முடித்த ஒரு பெண் ஓடமாட்டேன் என்று இரண்டாவது தடவையும் சொன்னால் எங்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த கணம் அத்தனை கண்ணும் வயிற்றைப் பார்க்கும். சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா பந்தோடு தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். சித்தி எழும்பிச் சுவெற்றரைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுத் தடியை எடுத்தார். எஸ்பியர்க் பெண்கள் ஆளுக்கு ஆள் கைகாட்டிப் பின்னால் போனார்கள். மீன் தொழிற்சாலையில் வேலைசெய்கிறவர்கள், எறிந்தால் கல்லு மாதிரி வரும். காலையில் எங்கள் அணியில் ஒருவருக்கு முதுகில் பட்டுச் சிவந்துபோயிருந்தது.

அம்மா முதல் பந்தைப் போட்டார். அது சித்தியின் தலைக்கு மேலால் போனது. எங்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மாவின் கை அப்படிப் போட்டதை ஒருவரும் கண்டதில்லை.

இரண்டாவது பந்து கீழே வந்தது, ஆனால் போதிய அளவு கீழே வரவில்லை. சித்தியின் கைக்கு அந்த வயிற்றைப் பற்றித் தெரியாதுபோலும். பழக்கத்தில் அது வீசிவிட்டது. தடி பந்தை உரசாமல் போனது ஒரு நூல் இடைவெளியில். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தவறிப்போய்விட்டதே என்ற கவலை என்று எல்லோரும் நினைத்தோம்.

மூன்றாவதை அம்மா சித்தியின் முதுகுப் பக்கமாகப் போட்டார். தடி எட்டாத தூரத்தில் விழுந்து புல்லில் உருண்டு போனது. ஆட்டம் முடிந்தது. எஸ்பியர்க்காரர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள்.

எங்கள் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்தபோது ஒரு ஆள் மட்டும் எழும்பி நின்று கைதட்டினார். அது அந்த டேனிஷ்காரர். மூன்றே பந்தில் ஆளைத் தூக்கிவிட்டாரே, எப்படிப்பட்ட கை என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேஸ்போலில் பந்து போடுகிறவர் எதிராளி. எல்லேயில் எங்கட ஆள் என்று அவருக்கு டேனிஷில் விளக்கினேன். அவர் தட்டுவதை நிறுத்தினார். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அப்படியென்றால் உன்னுடைய அம்மாவுக்கு அவள் ஓடுவது விருப்பமில்லை என்றார்.

"என்னவாம் சொல்லுறார்?" என்று அப்பா கேட்டார்.

"அவருக்கு விளையாட்டு விளங்கேல்ல, அப்பா" என்றேன்.

திரும்பும்போது காரில் அப்பாவால் தாங்க முடியவில்லை. "உமக்கு என்னப்பா நடந்தது? சொந்தத் தங்கச்சிக்கு ஒரு பந்து ஒழுங்காப் போடேலாதோ?" அம்மா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு, கை வழுக்கிப்போச்சு என்றார். பெரியம்மா அம்மாவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அடுத்து வந்த பிறந்தநாள் விழாவொன்றில், அப்பா ஒரு பற்றீஸ் பலகாரத்தைப் பந்தாகக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று பந்துகளையும் நடித்துக் காட்டினார். மண்டபமே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். சித்தி அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனார்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில் சித்தப்பா போன் எடுத்தார். அப்பாதான் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போய், சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சித்திக்கு வயிற்றுக்குத்து என்று எனக்குச் சொன்னார்கள். மத்தியானம் அப்பா தனியாகத் திரும்பிவந்தார். கார் வந்து நின்றதைக் குசினி யன்னலால் கண்டேன். அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி வெகுநேரம் உள்ளேயே இருந்தார். மேலே வந்ததும் எனக்குப் பசிக்குதா என்று கேட்டார். முட்டை பொரித்துத் தந்தார். உப்புப் போட மறந்துவிட்டார்.

அதன் பிறகு அப்பா அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. யாராவது தொடங்கினால் வேறு கதைக்குப் போய்விடுவார். அவருக்கு எல்லே அலுத்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

எனக்குக் கலியாணமாகி, எனக்கும் அதே இரண்டு மாதம் வந்தபோதுதான் அம்மா வாய் திறந்தார். ஒருவருக்கும் சொல்லாதே, பாரம் தூக்காதே என்று தொடங்கி, அங்கிருந்து அந்த மைதானத்துக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் கோபப்பட்டேன். இத்தனை வருடமாகப் பெரியம்மா எத்தனை இடத்தில் சொல்லிக் காட்டியிருப்பார், ஒருதரமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே, அதுவும் கடைசியில் அந்தக் குழந்தையும் தங்கவில்லையே, என்ன பிரயோசனம் என்று கேட்டேன்.

"ஓடியிருந்தாளெண்டால் அந்த ஓட்டத்தாலதான் போனதெண்டு சாகுமட்டும் நினைச்சுக்கொண்டிருப்பாள், பிள்ளை" என்றார் அம்மா. "பிறகு ஒரு பிள்ளையைப் பெத்துக்கொள்ள அவளை விட்டிருக்குமோ அந்த யோசனை? இறக்கிவிட்டது தானெண்டு அக்கா நினைச்சிருப்பா. சொன்னது தானெண்டு உன்ர அப்பா நினைச்சிருப்பார். இப்ப கை வழுக்கினது எனக்கு மட்டும்தானே. அது பரவாயில்லை."

ஆனால் அப்பா நினைத்துக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். காருக்குள் அவர் இருந்த அந்த நேரத்தை அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பெரியம்மாவுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது. போன வருடம் தவறிப்போகும் மட்டும், அண்டைக்கு நீ ஒழுங்காப் போட்டிருந்தாக் கப் எங்கட என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஓம் அக்கா என்று அம்மாவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இனி எழுதினால் அவருக்கு நோகாது.

அந்தத் தோல்விக்கு அடுத்த கோடையில் பெரியம்மா ஒரு முடிவெடுத்தார். அம்மாவை அணியிலிருந்து தூக்கினார். பந்து போட இளம்பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து கதிரையில் இருந்தார். எல்லோரும் அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய முடிவுக்கு அவர் சும்மா இருப்பாரா என்று எனக்கும் பயம். அப்பா பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணியை ஊற்றி, ஊதி ஆறவைத்து, அம்மாவின் கையில் கொடுத்தார். பெரியம்மா செய்தது சரி என்று அப்பாவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன்.

சித்தி முதல் பந்தையே அடித்தார். பந்து வேலியைத் தாண்டிப் போனது. சித்தி தடியைப் போட்டுவிட்டு ஓடினார். ஒரு கொடி, இரண்டு கொடி என்று எங்கும் நிற்காமல் ஓடினார். இவ்வளவு வடிவாக ஓடக்கூடியவர் போன வருடமும் ஓடியிருக்கலாமே என்று எனக்குப் பட்டது. நான் கதிரையில் ஏறிநின்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அம்மா கைதட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். அணியிலிருந்து தூக்கிவிட்டார்களே என்றுதான் அழுகிறார் என்று நினைத்து, அடுத்த வருசம் உங்களையும் எடுப்பினம் அம்மா என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.