தொட்டிக்குள் இருபது ரவை

வெற்றுக் கோதை உதட்டில் வைத்து ஊதினால், விசில் சத்தம் வருவதற்கு முன்னால் நாக்கில் ஒரு சுவை ஏறும். பித்தளையும் கரிமருந்தும் சேர்ந்த அந்தப் புளிப்பு இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. துவக்கு வெடித்தபின் கீழே விழும் வெறும் குழாயைத்தான் யாழ்ப்பாணத்தில் "கோது" என்போம். எட்டு வயதில், ஒழுங்கையில் கிடந்த ஒரு கோதைப் பொறுக்கிவந்து, அலுக்கும்வரை ஊதி, யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நான் விளையாடப் போய்விட்டேன். மறுநாள் சுற்றிவளைப்பில் வந்த இராணுவம் அதைக் கண்டது. யாருடையது என்று கேட்டதும், அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, "என்ர" என்றார். மூன்று மாதம் கழித்து அவரை விட்டார்கள். வந்தவருக்கு இடது காது கேட்கவில்லை. அந்தக் கோதைக் கொண்டுவந்தது நான்தான் என்று ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதானபோது, அப்பாவும் அம்மாவும் நானும் சுவிசில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, கூர் நகரிலிருந்து தபால் பஸ் ஏறிப் போகும் ஒரு மலைக் கிராமத்தில் இருந்தோம். மார்த்தா அன்ரியின் வீட்டுக் கீழ்த்தட்டு எங்களுடையது. அவருடைய சாப்பாட்டுக்கடைக் குசினியில் அப்பா சட்டி கழுவினார். ஆக, எங்கள் கூரையும் சோறும் அந்த ஒரு மனிசியின் கையில் இருந்தன. சனிக்கிழமை பின்னேரங்களில் கிராமத்து ஆண்கள் குறிவைத்துச் சுட்டுப் பழகுவார்கள். முதல் வெடிக்கே அம்மா என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். "விளையாட்டுக்குத்தானாம் அம்மா" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதை நான் சொன்னால், "விளையாட்டுக்கு வெடிக்கிற துவக்கை நான் இன்னும் காணயில்லை" என்பார்.

அந்தச் செப்டெம்பரில் மார்த்தா அன்ரி முதல்தடவையாக மான் வேட்டைக்குப் போக இருந்தார். இறந்துபோன கணவரின் துவக்கு வீட்டில் இருந்தது, வேட்டைப் பரீட்சையும் பாஸ் பண்ணியிருந்தார். ஆனால் ஒரு பெண் எதைச் சுட்டுக் கிழிக்கப் போகிறாள் என்று பார்க்க ஊரே காத்திருந்தது. அவருக்கோ ஊரின் சிரிப்பைவிட வேறு பயம். காயம்பட்ட மான் ஒன்று தன்னால் காட்டுக்குள் கிடந்து துடிக்கக்கூடாது என்று, வாரக்கணக்கில் ரவைகளை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்து ஒரு பெட்டியைத் தெரிந்தெடுத்தார். அதை எங்கள் வாசலருகே இருந்த சப்பாத்துத் தட்டில், கையுறைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஞாயிறு காலை கூட்டும்போது அம்மா அதைத் திறந்துவிட்டார். திங்கட்கிழமை எங்கள் பத்திரங்களைப் பார்க்கப் பொலிஸ்காரர் வருவதாகக் கடிதம் வந்திருந்த நேரம். அப்பா குசினியில், மார்த்தா அன்ரியும் ஊரும் தேவாலயத்தில். யாழ்ப்பாணத்தில் இப்படி ஏதும் அகப்பட்டால் கிணற்றுக்குள் போடுவதுதான் வழக்கம். இங்கே கிணறு இல்லை. வீட்டுக்கு முன்னால் மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி இருந்தது. இருபது ரவையையும் அதற்குள் கொட்டிவிட்டு, பெட்டியை அடுப்பில் எரித்துவிட்டு, அம்மா நிம்மதியாகக் கை கழுவினார். பனி உருகி வந்த தண்ணீர், கண்ணாடி போல இருந்தது. ஆழமோ முழங்கை அளவு. பூசை முடிந்து வந்த ஊர் முழுவதும் தொட்டியைச் சுற்றி நின்று, அடியில் மினுங்கிய ரவைகளை எண்ணியது.

மார்த்தா அன்ரி சட்டைக் கையை மடித்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு எங்கள் கதவுக்கு வந்தார். "பிள்ளை, அப்பாவை வேலையால நிப்பாட்டிப்போடாதையுங்கோ எண்டு சொல்லு" என்று அம்மா என்னை முன்னால் தள்ளினார். எங்கள் வீட்டில் ஜேர்மன் பேசத் தெரிந்தது எனக்குத்தான். அம்மா சொன்னதைச் சொன்னேன். சொன்ன கையோடு, கோதைப் பற்றியும் மாமாவைப் பற்றியும், அது என்னுடையது என்பதையும் சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் நெஞ்சுக்குள் கிடந்தது, அம்மாவுக்கு விளங்காத மொழி கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது.

"இவ்வளவு நேரமா என்ன சொல்லுறாய்?" என்றார் அம்மா.

"மன்னிப்புக் கேக்கிறன்" என்றேன். அதில் பொய்யில்லை.

மார்த்தா அன்ரி என் தலையில் ஈரக்கையை வைத்தார். பிறகு எங்களை மேலே கூட்டிப்போய் மேசையில் இருத்தினார். நனைந்தவை ஒருவேளை வெடிக்கும், ஆனால் ஒருவேளையை நம்பி மானிடம் போகமுடியாது என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, அலுமாரியிலிருந்து வெவ்வேறு மூன்று ரவைகளை எடுத்து நிறுத்திவைத்தார். முதலாவது மெலிந்தது, முனை கூரானது, உலோகத்தால் முழுக்க மூடியது. இராணுவத்து ரவை. அது நேரே துளைத்துப் போய்விடும். மான் சின்ன ஓட்டையோடு ஓடி, இரண்டு நாள் கழித்து எங்கேயோ சாகும். இரண்டாவது பருத்தது, ஆனால் மிக மென்மையானது; தோள் எலும்பிலேயே சிதறும், உள்ளே போகாது. மூன்றாவதின் முனையில் ஈயம் தெரிந்தது. பாரமானது, உள்ளே போனபின்தான் விரியும், உடையாது. இதே சாதியில் இன்னொரு பெட்டி வாங்கி, மறுபடி சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாராம்.

அம்மா முதலாவதைத் தொட்டார். "இந்தச் சன்னத்தைத்தான் எங்கட சுவரில இருந்து கத்தியால நோண்டி எடுத்தனான்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். மார்த்தா அன்ரி அதை எடுத்து மற்ற இரண்டிலிருந்தும் தள்ளி வைத்தார்.

"மானுக்கு இதைப் பாவிக்கச் சட்டம் விடாது" என்றார் பிறகு. "இது மனிதருக்கென்று செய்தது."

அதை அம்மாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடை என்று மட்டும் சொன்னேன்.

"மூண்டாவது எண்டால் மானுக்கு நோகாதோ எண்டு கேள்."

"நான் சரியாகத் தெரிந்தெடுத்து, சரியாகச் சுட்டால், அதற்கு வெடிச்சத்தமே கேட்காது."

வேட்டை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, மேலே காட்டிலிருந்து ஒரு வெடி கேட்டது. நான் பழக்கத்தில் கட்டிலடிக்குப் போய்விட்டேன். அம்மா அகப்பையைப் பிடித்தபடி யன்னலில் நின்று அடுத்த வெடிக்குக் காத்திருந்தார். அது வரவேயில்லை. "ஒண்டுதான்" என்று அம்மா அழுதார். மத்தியானம் மார்த்தா அன்ரி கொண்டுவந்த இறைச்சித் துண்டை, அம்மா வறுத்த மிளகாய்த்தூள் போட்டுக் கறியாக்கி அவருக்கும் ஒரு கோப்பை அனுப்பினார்.

இப்போது நாங்கள் வின்டர்தூரில் இருக்கிறோம். போன இலையுதிர்காலத்தில் அம்மாவை அந்தக் கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். மார்த்தா அன்ரி இல்லை, கடை பூட்டிக்கிடக்கிறது, தொட்டியில் தண்ணீருக்குப் பதிலாக மண் நிரப்பிப் பூங்கன்று வைத்திருக்கிறார்கள். அம்மா அதன் விளிம்பில் இருந்துகொண்டு, "அந்தக் கோது நீ கொண்டுவந்தது எண்டு எங்களுக்கு அண்டைக்கே தெரியும். 'எங்களுக்குத் தெரியுமெண்டு பிள்ளைக்குக் காட்டிப்போடாதை அக்கா' எண்டு தம்பி சொன்னவன்" என்றார்.

அங்கேயே நின்று யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மாமா வலது காதில் வைக்கும்வரை பொறுத்து, "மாமா, அந்தக் கோது..." என்று தொடங்கினேன்.

"எந்தக் கோது, பிள்ளை?" என்றார் மாமா.