சூடாகாத ரெகுலேட்டர்

பிள்ளைகளா, நம் அயனம்பாக்கம் வீட்டில் அடைமழையிலும் ஃபேன் இரண்டாம் நம்பரில் ஓடும். நீங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடப்பீர்கள். நினைவிருக்கிறதா? அது காற்றுக்காக இல்லை, தீப்பெட்டிக்காக.

ஏரிப் பக்கத்து ஈரத்தில் தீக்குச்சியெல்லாம் நமத்துப் போகும். சுவரில் இருந்த பழைய ரெகுலேட்டர் பெட்டிக்குள் ஒரு கம்பிச் சுருள். ஃபேனை மெதுவாக வைத்தால் அது மின்சாரத்தைத் தடுத்துத் தடுத்துத் தானே கொதிக்கும். அந்தப் பெட்டியின் தலையில்தான் உங்கள் அம்மா தீப்பெட்டியைக் காயவைப்பாள்.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தேன். ஒருநாள் என் கையால் செய்ததையே வாங்கி வந்து, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினேன். என் கைவேலை நம் வீட்டுச் சுவரில் ஏறியது அதுதான் முதல் தடவை. அது அங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

உங்கள் அம்மா தொட்டுப் பார்த்தாள்.

“இன்னாய்யா, சில்லுனு கீது?”

“அதான் அதோட பெருமையே.”

வீட்டுக்கு வந்திருந்த உங்கள் மாமா சிரித்தார். “மாமே, ஜுரம் அடிச்சாத்தான் உசுரு கீதுன்னு அக்கா நம்பும்.”

நான் விடவில்லை. “ஷிஃப்ட் டைம்ல கம்பெனி கேட்டு கதவு முழுசா தொறந்திருந்தா ஆளுங்க சர்ருனு போவாங்க. முழுசா மூடிட்டா ஒருத்தனும் போமாட்டான். பாதி தொறந்தா?”

“இடிச்சிகினு போவணும். வேர்த்து ஊத்தும்” என்றார் மாமா.

“அந்த வேர்வதான் பழசோட சூடு. இதுல சிலிக்கான் துண்டு ஒண்ணு கீது. ஒண்ணு முழுசா தொறக்கும், இல்ல முழுசா மூடும். செகண்டுக்கு நூறு தபா. மூடற நேரம் கூடுனா ஃபேன் மெதுவா ஓடும். சாதா சுவிட்ச அப்பிடித் தட்டுனா பொறி பறந்து கருகிடும். இதுல அசையறதுக்கும் தேயறதுக்கும் ஒண்ணுமே இல்ல.”

உங்கள் அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு நமத்த தீப்பெட்டியை என் கையில் வைத்தாள்.

“அப்ப நீயே செகண்டுக்கு நூறு தபா ஒரசு. காலைல அடுப்பு பத்தலன்னா, பழசு மறுபடியும் மேல ஏறும்.”

மாமாவை பஸ் ஏற்றிவிட எல்லோரும் குடையோடு கிளம்பினீர்கள். கதவைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். தீப்பெட்டியைப் பனியனுக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு, உங்கள் போர்வைகள் அத்தனையையும் எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.