நெஞ்சுவலி டீச்சர்

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது நான் சொல்லிக்கொடுக்கும் நடிப்புப் பயிலகம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது வகுப்பு தொடங்கும் அன்று ஆசிரியர்கள் நாலு பேரும் மாணவர்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கிருந்து இந்த வேலைக்கு வந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அந்த நாள் நெருங்கினாலே என்ன சாக்குச் சொல்லி லீவு போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

குரல் பயிற்சி கொடுப்பவர் லண்டனில் நாடகம் படித்தவர். உடல் அசைவு சொல்லிக்கொடுப்பவர் பால் பல் விழுவதற்கு முன்பே பரதம் ஆடியவர். மூன்றாமவர் தொலைக்காட்சி நாடகங்களில் அப்பாவாக வருபவர். தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால்கூட யாராவது கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் நாலாவது. நான் நோயாளி.

மருத்துவ மாணவர்களுக்குத் தேர்வு வைக்கும்போது, நிஜமாகவே உடம்பு முடியாதவர்களைப் படுக்கவைத்து ஆள் மாற்றி ஆள் கேள்வி கேட்க முடியாது. அதனால் நடிகர்களைக் கூப்பிடுவார்கள். இன்ன வயது, இன்ன வலி, எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கதைத் தாள் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாணவர் வெளியே போனதும் மணி அடிக்கும். அடுத்தவர் உள்ளே வருவார், அதே வலி மறுபடி தொடங்கும். மேடையில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ஒருத்தி வேடம்தான். இந்த வேலைதான் என்னை வருடக்கணக்கில் நடிகையாக வைத்திருந்தது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் வேறு ஆள் கிடைக்கும். நெஞ்சுவலி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பயிலகத்தை நடத்தும் அம்மையார் இதை ‘மருத்துவத் துறையில் நீண்ட நடிப்பு அனுபவம்’ என்று இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார். லண்டன் படிப்புக்குக் கீழே அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருக்கும். அதனால் அறிமுக நாளில் மாணவர்கள் சிரிப்பதற்குள் நானே முந்திக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நெஞ்சுவலியை நடித்துக் காட்டிவிடுவேன். கை நெஞ்சுக்குப் போகும், விரல்கள் மடங்கும், மூச்சு பாதியில் நிற்கும். கைதட்டுவார்கள். நெஞ்சுவலி டீச்சர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

என் பின்னணியை நினைத்து வெட்கப்படாத ஒரே ஆள் என் கணவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, என் நாடியைப் பிடிக்காமல் இந்த ஊரில் ஒருத்தனும் டாக்டராக முடியாது என்று அளந்துவிடுவார். வீட்டில் ஒத்திகையும் அவரோடுதான். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு டாக்டர் மாதிரி கேள்வி கேட்பார், முடிந்ததும் குறை சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தாடையில் என்னவோ இழுத்தது. முதுகு கனத்தது. வர வேண்டிய ஏப்பம் வராமல் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. வியர்த்துக் கொட்டியது. முக்காலியில் உட்கார்ந்து முனகினேன். ஹாலில் டிவியில் பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கணவர் தலையை மட்டும் திருப்பினார்.

“நல்லா வந்திருக்கு. ஆனா கைய நெஞ்சுல வைக்க மறந்துட்ட,” என்றார்.

நான் கையை நெஞ்சில் வைத்தேன்.

இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நெஞ்சில் வலியே இல்லை. ஆனாலும் அவர் சொன்னதும் கை போனது. அதைவிடக் கேவலம், நன்றாக வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அவர் மறுபடி ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார். நான் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். அது எந்தக் கதைத் தாளிலும் இல்லாத விஷயம். அப்புறம்தான் எழுந்து ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பையன். வலி எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குள் அந்தத் தேர்வு மணி அடித்துவிட்டது. என் நெஞ்சுவலி எப்போதும் ஆங்கிலத்தில்தானே இருந்திருக்கிறது. யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று கடகடவென்று ஒப்பித்தேன். இடது கைக்குப் பரவுகிறது என்றேன். அண்ணனுக்கும் இப்படித்தான் வந்தது என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது. என் கணவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். டாக்டரும் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஆன்ட்டி, ஃபைனல் இயர்ல உங்களத்தான் எக்ஸாமின் பண்ணேன். அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க,” என்றார் தமிழில். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார். “இது எக்ஸாம் இல்ல ஆன்ட்டி. நிஜமா எங்க வலிக்குது?”

மானம் போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் ஊமை மாதிரி தாடையைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். இதயக் குழாயில் அடைப்பு. அன்றைக்கே சரிசெய்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் என்னைத் திட்டவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். நான் இருமினால் ஓடிவருவார். கரண்டி கீழே விழுந்தால் ஓடிவருவார். பந்து ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வேற எது வேணாலும் நடி. அத மட்டும் இனிமே நடிக்காத. என்னால பாக்க முடியாது.”

சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அடுத்த வகுப்பு தொடங்கிய அன்று, நான் எதையும் தூக்கக் கூடாது என்று என் பையை எடுத்துக்கொண்டு அவரும் வந்தார். மாணவர்களுக்குப் பின்னால், கதவோரம் இருந்த கடைசி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லண்டன் முடிந்தது, பரதம் முடிந்தது, தொலைக்காட்சி முடிந்தது. என் முறை வந்ததும், நடிக்காமல், நடந்ததை மட்டும் சொன்னேன். இத்தனை வருடம் நான் காட்டியது தப்பு, எனக்கு வலி வந்தது தாடையில் என்றேன். மாணவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மையாருக்குத்தான் உற்சாகம் தாங்கவில்லை. இப்போது நிஜ அனுபவமே இருக்கிறதே, அதைச் செய்து காட்டுங்கள் என்றார்.

நடந்ததைக் காட்டுவது நடிப்பு ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசி நாற்காலியைப் பார்க்காமல், அன்று இருந்தபடியே இருந்து காட்டினேன். தலை குனிந்து உட்கார்ந்தேன். தாடையைக் கொஞ்சம் அசைத்தேன். ஒரு முனகல். அவ்வளவுதான்.

எல்லோரும் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் சங்கடமாகச் சிரித்தாள்.

“டீச்சர், ஒண்ணுமே தெரியல லா,” என்றாள்.

பக்கத்து நாற்காலியில் லண்டன்காரர் தொண்டையைச் செருமினார். எனக்காகப் பரிதாபப்பட்டுச் செருமியதுதான். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இங்கே உட்கார எனக்கு என்ன தகுதி என்று அத்தனை பேரும் கேட்கிற மாதிரி இருந்தது.

என் கை நெஞ்சுக்குப் போனது. விரல்கள் மடங்கின. மூச்சு பாதியில் நின்றது.

“ஆங், இப்ப தெரியுது,” என்றாள் அந்தப் பெண். எல்லோரும் கைதட்டினார்கள். முன்பெல்லாம் தட்டியதைவிடப் பலமாகவே தட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது கடைசி நாற்காலியில் என் பை மட்டும் இருந்தது.