பேட்டரிக்கு ஊற்றிய ஊற்றுத் தண்ணீர்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் எதற்கு என்று, சேர்வராயன் மலை ஊற்றுத் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றிய மேதை நான். மழையில் கரண்ட் போனால் மனைவியின் ஆஸ்துமா மெஷினுக்கு அதுதான் துணை. இரண்டே மாதத்தில் படுத்துவிட்டது. "கம்பெனிக் கோளாறு" என்று அவளிடம் அளந்துவிட்டேன்.

வாழவந்தியிலிருந்து வந்த மெக்கானிக்கிடம் வாசலிலேயே உண்மையைச் சொல்லி, மனைவிக்குத் தெரியக் கூடாது என்றேன்.

"நான் வாயைத் தொறக்க மாட்டனுங்க" என்றார்.

நனைந்த மழைக்கோட்டோடு குனிந்து, பேட்டரியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எந்த வீட்டிலும் அவர் வழக்கம் அதுதானாம்.

"ஏனுங்க, கம்பெனிக் கோளாறுங்களா?" மனைவிக்கு மூச்சு இழுத்தது.

அவளையே பார்த்தார். "இல்லீங்க. உங்க ஊட்டுக்காரரு ஊத்துத் தண்ணிய ஊத்திப்போட்டாருங்க."

வெளியே வந்ததும் பொருமினேன். "நம்பினவனை இப்படிக் காட்டிக்கொடுத்துட்டீங்களே!"

வண்டியை உதைத்தார். "மூச்சு உங்களுது இல்லீங்களே."