மூணு மஸ்டரும் எங்க அத்தையும்

ஜீப் ஓட்டுற தொழில்ல ஓட்டுறது கொஞ்சம், காத்துக் கெடக்குறதுதான் நெறைய. மலையாளத்துப் பக்கம் சின்னக்கானல்னு தேயிலை மலை, அங்க ஜீப் வச்சிருக்கேன். காலையில எஸ்டேட்டு சனம், பகல்ல டூரிஸ்ட்டு. யாருக்காச்சும் காத்துக்கிட்டே இருக்கணும். எனக்கோ ஒரு எடத்துல குண்டி நெலைக்காது. ஸ்டியரிங்கத் தட்டுவேன், தொடச்ச கண்ணாடியவே தொடைப்பேன், போறவன் வர்றவன வம்புக்கு இழுப்பேன். வரிசையில நின்னு காலு கடுத்தவுகளா இருந்தா நீங்களும் நம்மாளுதான். தள்ளி ஒக்காருங்க, சொல்றேன்.

நான் படிச்சது நாலாப்பு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு மொத்தத்தையும் ஸ்பானர் பெட்டியில போட்டு மூடிறலாம். அதுல ஒரு வார்த்தை மட்டும் பெட்டிக்குள்ள அடங்காம என்னையத் தொரத்திக்கிட்டே வருது. மஸ்டர். போன மாசம் அது எங்க அத்தையோட பென்சனையே முழுங்கப் பாத்துச்சு. அத்தைன்னா எம் பொண்டாட்டியப் பெத்தவுக, ஞானம்மா. ஆயுசு பூராம் கொழுந்து பறிச்சவுக. இப்ப அரசாங்கப் பென்சன் வருது. அதுலதான் அவுக வெத்தல, அவுக சனிக்கெழம மீனு, அவுக கோயில் காணிக்க. "மருமவன் கையப் பாத்து நிக்க மாட்டேன்"ங்கிறது அவுக கொள்கை. நான் குடுத்தாலும் வாங்க மாட்டாக. அதையும் சோதிச்சுப் பாத்துட்டேன்.

பொண்ணு பாக்கப் போனேன், என்னையப் பாத்தாக

எஸ்டேட்டுல மஸ்டர்னா வெடியக்காலம் பேரு கூப்புடுறது. சங்கு ஊதுனதும் மஸ்டர் ஆபீசு முன்னால எல்லாரும் போய் நிக்கணும். கங்காணி பேரு கூப்புட்டா, ஒரு எட்டு முன்னால வந்து, தலையக் குனிஞ்சுக்கிட்டு, கைய மட்டும் தூக்கணும். கூப்புடாம நகரக் கூடாது. ஆபீசு ஆளுக மொகத்த ஏறிட்டுப் பாத்தா திமிருன்னு அர்த்தம். அன்னைக்கு ஏறவே முடியாத மேட்டுலதான் கொழுந்து பறிக்க விடுவாக. அதனால எங்க அத்தைக்கு எந்த தொரை மொகமும் தெரியாது, அத்தன தொரை பூட்சும் தெரியும்.

அந்தத் தலை ஊட்டுக்குள்ள வந்தா குனியாது. நான் பொண்ணு பாக்கப் போனப்ப, வாசல்லயே நிப்பாட்டி, செருப்புலருந்து தலமுடி வரைக்கும் கண்ணக் கொட்டாமப் பாத்தாக. எங்கம்மா கூட பயந்துபோய் எம் பின்னால நின்னுக்கிட்டா. எனக்குத்தான் நாக்கு சும்மா கெடக்காதே. "என்னத்தை, மஸ்டர் எடுக்கியளா? பேரு கூப்புடுங்க, கையத் தூக்குறேன்"னேன். அத்தை மொறச்ச மொறப்ப எடுக்காமலே சொன்னாக: "கையத் தூக்க வேணாம்லே. வாய மூடு, எம்மவளத் தாரேன்."

மயிலு வந்து நின்னுச்சு

ஒரு தடவ எஸ்டேட்டுக் குடும்பம் ஒண்ண கல்யாணத்துக்கு ஏத்திக்கிட்டு மலைக்குக் கீழ, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை போனேன். மலையில வளந்தவனுக்கு அந்த வெயிலு ஆகாது. அவுக பந்தியில ஒக்காந்துட்டாக, நான் எப்பயும் போல காத்துக் கெடந்து, முடியாம வரப்புப் பக்கமா நடந்தேன். அங்க தொழிலுறப்பு, அதான் நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளைக மம்பட்டியோட வரிசையா நிக்கிறாக, எதுக்க ஒரு அம்மா செல்போன நீட்டிக்கிட்டு நிக்கிறாக. "என்னங்க, குரூப் போட்டோவா?"ன்னேன். "மஸ்டருங்க"ன்னாக. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. எங்கூருல பேரு கூப்புடுறது, இங்க படம் புடிக்கிறது. வார்த்தை மலையெறங்கி வந்து சட்டைய மாத்திக்கிட்டு நிக்குது.

படத்துல எல்லா மொகமும் தெரியணுமாம். சிக்னல் வர்ற நேரம் பாத்து வரப்புல நாலு மயிலு ஏறி, வரிசைக்கு முன்னால தோகைய விரிச்சுக்கிட்டு நின்னுருச்சு. வெரட்டுனா ஓடுது, போனத் தூக்குனா திரும்பி வருது. நானும் துண்ட வீசி வெரட்டுனேன், என்னையவும் சேத்துத்தான் கிளிக்கு ஆச்சு. வரிசையில கடைசியா நின்ன அக்கா மம்பட்டிய ஊனிக்கிட்டு, போன் வச்சிருந்த அம்மாகிட்ட கேட்டாக: "ஏனுங்க, மயிலுக்கு சம்பளம் குடுத்தாலும் குடுங்க, இந்த ஜீப்புக்காரருக்கு மட்டும் குடுத்துறாதீங்க."

லத்தீன்காரரு

அப்புறம் ஒரு நாளு, பாலக்காட்டுலருந்து ஒரு ஐயாவும் அவரு வீட்டம்மாவும் வந்தாக. கல்பாத்திப் பக்கமாம். ஐயா காலேசுல இங்கிலீசு சொல்லிக் குடுத்தவரு. மாட்டுப்பட்டியில யானை வருமான்னு பாக்க நிறுத்திட்டு, நான் பாட்டுக்கு கொழிஞ்சாம்பாறை மயிலுக் கதைய எடுத்து விட்டேன். ஐயா யானைய மறந்துட்டாரு.

"அது சாதாரண வார்த்தை இல்லை, கேட்டுக்கோ. மூலம் லத்தீன். அதுல 'காட்டறது'ன்னு அர்த்தம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. பட்டாளத்துல சிப்பாய்களை வரிசையா நிறுத்தி, ஆள் இருக்கானா, ஆயுதம் இருக்கான்னு காட்டச் சொல்லுவா. அதான் மஸ்டர். ரொம்பப் பழைய இங்கிலீஷ்ல மயில் கூட்டத்துக்கும் மஸ்டர்னே பேர் உண்டு. தோகையைக் காட்டறதோல்லியோ"ன்னாரு. அப்ப அந்த மயிலுக முறைப்படிதான் வந்து நின்னிருக்கு, நாந்தான் நடுவுல நொழஞ்சிருக்கேன். ஐயா விடல. "மான்ஸ்டர்ங்கிறோமே, பூதம், அதுவும் இதே வம்சந்தான்"ன்னாரு. எனக்கு சட்டுனு அத்தை ஞாபகம் வந்துச்சு, தப்பா நெனைக்காதீய. அதுக்குள்ள பின் சீட்டுலருந்து அம்மா சொன்னாக: "யானையைக் காட்டறேன்னு அழைச்சுண்டு வந்தார், லத்தீனைக் காட்டிண்டிருக்கார். நீ வண்டியை எடுப்பா, பசிக்கறது."

கடைசி நாளு

இப்பத்தான் மூணாவது மஸ்டர் வருது. பென்சன் வாங்குறவுக எல்லாரும் உசுரோட இருக்கோம்னு கம்ப்யூட்டர் சென்டருல போய்க் காட்டணும். பேரு மஸ்டரிங். காட்டலன்னா பென்சன் நின்னுரும். மழை, காய்ச்சல், கோயில் திருநாளுன்னு தள்ளித் தள்ளி, கடைசி நாளுல வந்து நிக்கிறாக அத்தை. வெடியுமுன்ன எந்திரிச்சு, ஸ்வெட்டரு போட்டு, கொழுந்துக்குப் போற மாதிரியே தலையில துண்டக் கட்டிக்கிட்டு ரெடி. "கூடையையும் எடுத்துக்கிடுங்களேன்"னேன். அத்தை முந்திப் போயி ஜீப்புல ஏறிக்கிட்டாக.

காலையில சென்டர் வாசல்ல எறக்கி விட்டுட்டு, மாட்டுப்பட்டி சவாரிக்குப் போயிட்டேன். அன்னைக்கு பூராம் மனசு சரியில்ல. டூரிஸ்ட்டு போட்டோ எடுக்க எடுக்க நான் ஹாரன் அடிச்சேன். சாயங்காலம் மூணரைக்கு ஓடி வந்து பாத்தா, கடைசி பெஞ்சுல, இவுகளுக்குப் பின்னால வந்தவுகள்லாம் காட்டிட்டுப் போனப்புறமும், அத்தை அப்படியே ஒக்காந்திருக்காக. கையில டோக்கன் கூட இல்ல. சன்னல்ல போய் வாங்கணும்னு அத்தைக்கு யாரும் சொல்லல, அத்தையும் கேக்கல. "என்னத்தை, காலையிலருந்து என்ன பண்ணுனீய?" அத்தை தரையப் பாத்துக்கிட்டே சொன்னாக: "இன்னும் பேரு கூப்புடலியேப்பா."

கண்ணு

அஞ்சு மணிக்குப் பூட்டிருவாக. நான் சன்னல்ல தலைய விட்டு, கெஞ்சி, சிரிக்க வச்சு, எப்படியோ உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன். மிஷின்ல இருந்தது ஒரு மலையாளத்துப் புள்ள. பெருவெரல வைக்கச் சொல்லுச்சு. செவப்பு லைட்டு. அடுத்த வெரலு, செவப்பு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகையெல்லாம் தேஞ்சு, பத்து வெரலும் கூழாங்கல்லு மாதிரி இருக்கு. நான் நிக்கவும் முடியாம ஒக்காரவும் முடியாம கடிகாரத்தையும் வெரலையும் மாறி மாறிப் பாக்குறேன். சரி, கண்ணு இருக்குல்லன்னு அந்தப் புள்ள சின்னக் கறுப்புப் பெட்டி ஒண்ண எடுத்து மொகத்துக்கு நேரா நீட்டுச்சு.

"அம்மச்சி, இங்ஙோட்டு நோக்கு." பெட்டியப் பாக்கணுமாம். அத்தை குனிஞ்சுட்டாக. நான் தாவாக்கட்டையப் புடிச்சு நிமித்துனா, தலை வருது, கண்ணு வரல. தரையிலயே கெடக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒக்காந்திருக்கிறது ஆபீசு ஆளு, ஏறிட்டுப் பாக்கக் கூடாது. அந்தப் புள்ளைக்கு எம்மவ வயசு கூட இருக்காது, ஆனா அத்தைக்கு அது தொரை. "பாருங்கத்தை"ன்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். "பாத்துக்கிட்டுத்தாம்ப்பா இருக்கேன்"ங்கிறாக, தரைகிட்ட. ஆயுசுல மொதத் தடவையா அவுக பயந்து பாக்குறேன். வெளிய வாச்சுமேன் சாவிக்கொத்தக் குலுக்குறான்.

நம்மகிட்ட இருக்கிறது நாக்கு ஒண்ணுதான். அந்தப் புள்ளைக்குப் பின்னால போய், பெட்டிக்கு மேல எம்மொகம் தெரியுற மாதிரி நின்னுக்கிட்டேன். "விடு தாயி, மெனக்கெடாத. பென்சன் போனாப் போகுது. நாளையிலருந்து எங்க அத்தை என் கையப் பாத்துக்கிட்டு நிக்கட்டும். வெத்தலைக்குக் காசு கேப்பாக, மனசிருந்தாக் குடுப்பேன்"னேன். அவ்ளோதான். தலை நிமிந்துச்சு. பொண்ணு பாக்கப் போன அன்னைக்குப் பாத்த அதே கண்ணு, அதே மொறப்பு, ரெண்டு கண்ணும் முழுசா, கொட்டாம. பெட்டியில பச்ச லைட்டு எரிஞ்சது. "கிட்டி"ன்னு, கெடச்சிருச்சுன்னு அந்தப் புள்ள சிரிச்சது. அத்தை கண்ண எடுக்கல. தலத்துண்ட அவுத்து ஒதறிக்கிட்டே எந்திரிச்சாக: "ஒங்கையப் பாத்து நிக்க நான் செத்தா போனேன்? வாலே வெளிய, ஒனக்கும் சேத்து நானே டீ வாங்கித் தாரேன்."

அந்த லத்தீன்காரரு சொன்னது சரிதான், மஸ்டர்னா காட்டுறதுதான், ஆனா எங்க அத்தை உசுரோட இருக்காகன்னு சர்க்காருக்குக் காட்ட, அவுக மொறைக்கிறதுக்குன்னே ஒரு மருமவன் எதுக்க நிக்க வேண்டியிருக்கு.